இருட்டிய பிறகு நகரம் யாருக்கு?

ரெங்கம் சீக்கிரம் அடங்கிவிடும் ஊர். ஒரு ரயில் நிலையம், சில வரிசைக் கடைவீடுகள், சுற்றிலும் செம்பனை. குளுவாங் மாவட்டத்தின் இந்தச் சிற்றூரில் வளரும் பிள்ளைகளுக்கு டவுன் என்றால் முதலில் குளுவாங். மீசை அரும்பியதும் ஜொகூர் பாரு. வேலைக்குப் போகிற வயதில் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூர். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டங்களுக்கு ஆள்தேவை குறைந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. லயத்து வீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் தெற்கே நகர்ந்தன. இன்று ஜொகூர் பாருவின் தொழிற்சாலைகளிலும் பேரங்காடிகளிலும் உணவகங்களிலும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களில் அந்தத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள்.

அதனால்தான், ஜொகூர் பாரு நகர மையம் இருட்டிய பிறகு எப்படி இருக்கிறது என்ற கேள்வி ரெங்கத்துச் சமையலறைகளிலும் கேட்கப்படுகிறது. பிள்ளை வேலை முடிந்து கிளம்பிவிட்டானா, மகள் எந்த வழியாக பஸ்ஸுக்கு நடக்கிறாள், கைப்பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறாள் என்றெல்லாம் கவலைப்படும் தாய்மார்களுக்கு நகரத்தின் நல்ல பெயர் சுற்றுலாத் துறையின் சமாச்சாரம் மட்டும் அல்ல.

கைப்பை விஷயம் சின்னதாகத் தோன்றலாம். 2000-களில் தெற்கு ஜொகூரின் பெயரைக் கெடுத்ததில் பெரும்பங்கு அதற்குத்தான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். நடைபாதை ஓரமாகப் போகும் பெண்ணின், பெரும்பாலும் வயதானவரின், சாலைப் பக்கத்துத் தோளில் தொங்கும் பையைப் பின்னால் இருப்பவன் இழுப்பான். பை கையோடு போனால் பணம் மட்டும்தான் நஷ்டம். வார் தோளில் மாட்டிக்கொண்டால் அந்தப் பெண் சாலையில் இழுபட்டு விழுவார். தலை கல்லில் மோதும். மலேசியாவில் இப்படி உயிர்விட்டவர்கள் உண்டு. வழிப்பறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் இந்தக் குற்றம், நடைபாதையையே பயத்துக்குரிய இடமாக்கியது.

சிங்கப்பூர்க்காரர்கள் இதை வேறு விதமாகப் பேசினார்கள். வார இறுதியில் சாப்பிடவும் கார் கழுவவும் முடிவெட்டவும் ஜொகூர் பாருவுக்கு வந்துபோகும் குடும்பங்களுக்குள் ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வாய்வழியாகப் பரவியது. நகையைக் கழற்றி வை. காருக்குள் பை தெரியாமல் பார்த்துக்கொள். ஸ்டியரிங்குக்குப் பூட்டுப் போடு. இருட்டும் முன் திரும்பிவிடு. நடந்த சம்பவங்களும் நடக்காதவையும் அந்தப் பட்டியலில் ஒன்றாகக் கலந்திருந்தன. ஒரு நகரத்தின் பெயர் இப்படித்தான் உருவாகிறது. போலீஸ் வெளியிடும் குற்றக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும்; அத்தை சொல்லும் கதை ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும்.

கேளிக்கைக்கும் ஜொகூர் பாருவுக்கும் உள்ள உறவு பழையது. நகரத்தின் பிரதான வீதிக்குப் பெயர் தந்த வோங் ஆ ஃபூக், சீனாவிலிருந்து வந்த தச்சர். இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டிய ஒப்பந்தக்காரரும் அவர்தான். செகெட் ஆற்றோரம் அவருக்கு 1892-ல் நிலம் கிடைத்தது. அங்கே எழுந்த கம்போங் வோங் ஆ ஃபூக்கில் சூதாட்டமும் அபினும் குத்தகைக்கு விடப்பட்டன. தம் பெயரிலேயே தாள் நோட்டு அச்சிட்டுப் புழங்கவிடும் அளவுக்கு அவருடைய கை ஓங்கியிருந்தது. ஆக, இந்த வட்டாரம் சமீபத்தில்தான் கெட்டுப்போனது என்று சொல்பவர்கள் வரலாற்றைப் பாதியில் ஆரம்பிக்கிறார்கள். உழைத்துக் களைத்த ஆண்கள் கூலிப் பணத்தோடு வந்து இறங்கும் இடமாகத்தான் இது தொடங்கியது. அந்தப் பணத்தை யார் எப்படிப் பிடுங்குவது என்ற போட்டியும் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்த வீதியை ஒட்டி ஓடிய செகெட் ஆற்றுக்கு நேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். கழிவு கலந்து நாற்றமெடுத்த ஆற்றை 2000-களில் மேலே தளம் போட்டு மூடினார்கள். ஆறு கண்ணுக்கு மறைந்தது, நாற்றம் மறையவில்லை. பிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு திரும்பத் திறந்தார்கள். திறந்த பின்தான் அதன் கரையில் மனிதர்கள் உட்காரத் தொடங்கினார்கள். நகர மையத்தின் குற்றத்தைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்த ஆற்றின் இருபது ஆண்டு வரலாறு நல்ல பாடநூல்.

மலேசிய அரசு 2004-ல் பாதுகாப்பான நகரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பண்டார் செலாமாட் என்று மலாயில் பெயர். நகர, ஊரமைப்புத் திட்டமிடல் துறை வகுத்த அந்தத் திட்டத்தில் இருந்தவை பெரும்பாலும் எளிய காரியங்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே கம்பித் தடுப்பு. இருண்ட சந்துகளில் விளக்கு. பார்வையை மறைக்கும் புதர்களை வெட்டுவது. திருப்பங்களில் கண்ணாடி. கண்காணிப்புக் கேமரா. மோட்டார் சைக்கிள்களுக்குப் பூட்டு வசதியுள்ள நிறுத்துமிடம். எந்தத் தெருவில் என்ன குற்றம் நடக்கிறது என்று வரைபடத்தில் குறித்துவைப்பது.

கம்பித் தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இந்தச் சிந்தனையின் அருமை புரியும். வழிப்பறிக்காரனுக்கு வேண்டியது இரண்டு: பை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வேகம் குறையாமல் தப்பிக்க வேண்டும். இடுப்பளவு கம்பி இருந்தால் இரண்டுமே கெடும். யாரையும் சந்தேகப்படாமல், யாருடைய அடையாள அட்டையையும் கேட்காமல், நடக்கிற பாட்டிக்குப் பாதுகாப்பு தரும் ஏற்பாடு இது. இரவும் பகலும் நிற்கும், சம்பளம் கேட்காது. நமது நகரங்களில் இதைப் போட்டுவிட்டுப் பராமரிக்க மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். ஒடிந்த கம்பியும் எரியாத விளக்கும், இந்தத் தெருவை யாரும் பார்த்துக்கொள்வதில்லை என்று திருடனுக்கும் பாட்டிக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுகின்றன.

2010-ல் அரசு உருமாற்றத் திட்டம் வந்தபோது குற்றக் குறைப்பு தேசிய முதன்மை இலக்குகளில் ஒன்றானது. தெருக் குற்றங்கள் பெருமளவு குறைந்ததாக அரசு அறிவித்தது. மக்களின் பயம் அதே வேகத்தில் குறையவில்லை. இந்த இடைவெளியை அரசே ஒப்புக்கொண்டது. குற்ற எண்ணிக்கையோடு குற்ற பயத்தையும் அளக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருமுறை பை பறிபோன பெண் அந்தத் தெருவில் மறுபடி நடக்க ஆண்டுகள் ஆகும். அவர் நடக்காத வரை தெரு காலியாக இருக்கும். காலியாக இருக்கும் தெருவில் அடுத்தவருக்கும் பயம் வரும்.

ஆள் இல்லாத தெரு

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் வெளியிட்ட நகரங்கள் பற்றிய நூலில் நியூயார்க்கில் தாம் குடியிருந்த ஹட்சன் வீதியை எடுத்துக்காட்டினார். அவருடைய வாதம் அன்றைய நகரத் திட்டக்காரர்களுக்குப் புதிதாக இருந்தது. தெருவைக் காப்பது முதலில் போலீஸ் அல்ல, அங்கே புழங்கும் கண்கள் என்றார் அவர். கடைக்காரர், வீட்டுப்படியில் உட்கார்ந்திருப்பவர், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் மதுக்கடைக்கு வந்துபோகிறவர்கள் என எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். துறைமுகத் தொழிலாளர்கள் வந்துபோகும் அந்த மதுக்கடையால் தெருவுக்கு அதிகாலை வரை காவல் கிடைத்தது என்பது அவருடைய அனுபவம். கேளிக்கை இடம் என்றாலே ஆபத்து என்று நினைக்கும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

ஜொகூர் பாருவில் இதற்குச் சான்று இரண்டு பக்கமும் உண்டு. 2008 டிசம்பரில் சுல்தான் இஸ்கந்தர் குடிநுழைவு வளாகம் திறந்தது. அதுவரை பாலம் தாண்டி இறங்குகிறவர்கள் நேராக நகர வீதிகளில் கால் வைத்தார்கள். புதிய வளாகம் வந்ததும் போக்குவரத்தில் பெரும்பகுதி மேம்பாலங்களில் ஏறி நகரத்தைத் தாண்டிப் போனது. 2010-ல் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையமும் திறந்தது. மேல் நடைபாலங்கள் வழியாகக் குளிரூட்டிய பேரங்காடிக்குள் போய்விடலாம் என்றானபோது கீழே தெருவோரக் கடைகளுக்கு வாடிக்கை குறைந்தது. பல கடைகள் சீக்கிரம் மூடின.

இதைவிடக் கொடிய காலம் 2020 மார்ச் 18-ல் தொடங்கியது. பெருந்தொற்றுக்காக எல்லை மூடப்பட்டது. நாள்தோறும் சுமார் மூன்று லட்சம் பேர் கடந்த பாலம் வெறிச்சோடியது. 2022 ஏப்ரல் 1-ல் தரைவழி முழுமையாகத் திறக்கும்வரை நகர மையத்தின் உணவகங்களும் நாணய மாற்றுக் கடைகளும் விடுதிகளும் மூச்சுத் திணறின; நிறையக் கடைகள் மூடியே போயின. திறந்த பிறகு கூட்டம் திரும்பி வந்த வேகம் வியப்பூட்டியது. ஜாலான் தான் ஹியோக் நீ வீதியின் பழைய கடைவீடுகளில் காப்பிக் கடைகளும், அதே வீதியில் 1919 முதல் விறகடுப்பில் ரொட்டி சுடும் ஹியாப் ஜூ பேக்கரி முன்னால் வரிசையும், இரவில் பழையபொருள் சந்தையும். பத்து ஆண்டுக்கு முன் இருட்டும் முன் திரும்பிவிடச் சொன்ன அதே குடும்பங்கள் இப்போது இருட்டிய பிறகு வருகின்றன.

இரவுக் கூட்டம் என்றால் ஆபத்து என்ற எண்ணத்துக்கு எதிரான பெரிய சாட்சி, சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் நடக்கும் சிங்கே ஊர்வலம். பழைய சீனக் கோயிலின் ஐந்து தெய்வங்களையும் ஐந்து மொழிக்குழுவினர் சுமந்து இரவு முழுக்க நகரத்தைச் சுற்றுகிறார்கள். பல்லாயிரம் பேர் வீதியில் நிற்கிறார்கள். குழந்தைகள் தோளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கோயில் இருக்கும் ஜாலான் துருஸிலிருந்து நடை தூரத்தில் ஜாலான் உங்கு புவான். அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் நூறாண்டுக்கு மேலாக நிற்கும் வீதி, நகரத்தின் லிட்டில் இந்தியா. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பூக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே நெரிசலில் நடந்துபோகும் பெண்கள் அங்கே பையை இறுக்கிப் பிடிப்பது வழக்கம்தான். பயந்து வீட்டில் இருந்துவிடுவதில்லை. பக்கத்தில் தெரிந்த முகம் இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

ஒரே இரவில்

பாலத்துக்கு அப்பால் உள்ள லிட்டில் இந்தியாவின் கதை வேறு. அங்கே குற்ற பயம் பெரிதாக இருந்ததில்லை. சிங்கப்பூர் உலகத்தின் பாதுகாப்பான நகரங்களில் ஒன்று என்று பெயர் பெற்றது. அந்தப் பெயருக்குள்தான் 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தது.

ஞாயிறு தொழிலாளர்களின் நாள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத் தளங்களில் ஆறு நாள் உழைப்பவர்கள் தேக்கா சந்தையைச் சுற்றிக் கூடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், மளிகை வாங்குவார்கள், சொந்த ஊர்க்காரர்களைப் பார்ப்பார்கள். சிலர் புல்வெளியில் உட்கார்ந்து குடிப்பார்கள். இரவில் தனியார் பஸ்கள் அவர்களைத் தங்குவிடுதிகளுக்குத் திருப்பி அழைத்துப் போகும். அந்த பஸ் ஒன்றின் அடியில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சேரும் இடத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர் சிக்கி உயிரிழந்தார். குடித்திருந்த நிலையில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர், பஸ்ஸின் கூடவே நடந்து தடுமாறி விழுந்திருக்கிறார்.

கூட்டம் பார்த்தது வேறு. தங்களில் ஒருவன் சக்கரத்தின் அடியில் கிடக்கிறான். வந்த அதிகாரிகள் ஓட்டுநரையும் பஸ் பணியாளரையும் காப்பாற்றுவதில் அக்கறை காட்டுகிறார்கள். அப்படித்தான் அவர்களுக்குத் தோன்றியது. கல்லும் பாட்டிலும் பறந்தன. போலீஸ் கார்கள் கவிழ்க்கப்பட்டன. ஐந்து வாகனங்கள் தீக்கிரையாயின. ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் காயமடைந்தார்கள். சிங்கப்பூர் நாற்பது ஆண்டுக்கு மேலாகக் காணாத கலவரம் அது. முந்நூறு, நானூறு பேர் சம்பந்தப்பட்ட கலவரம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. 25 பேர் மீது வழக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடுகடத்தல், அடுத்த வார இறுதியிலேயே அந்த வட்டாரத்தில் மது விற்கவும் குடிக்கவும் முழுத் தடை.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமர்ந்தது. 2014 நடுவில் வெளிவந்த அறிக்கை விபத்தையும் அதைப் பற்றிய தவறான புரிதலையும் மதுவையும் காரணங்களாகச் சொன்னது. வேலைச் சூழல் மீதான அதிருப்தி காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றது. தொழிலாளர் நல அமைப்புகள் சில அந்த முடிவை ஏற்கவில்லை. விசாரணையில் சாட்சியம் சொன்ன அன்றைய போலீஸ் ஆணையர் இங் ஜூ ஹீ, தமக்குக் கூடுதல் கவலை தருவது கேலாங் வட்டாரம்தான் என்றார். குற்ற எண்ணிக்கையில் லிட்டில் இந்தியாவை விஞ்சிய இடம் அது. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு உலகத்தின் செய்தித்தாள்களில் கேலாங்கின் பெயர் வரவில்லை. கலவரம் என்ற சொல்லோடு சேர்ந்து நின்றது லிட்டில் இந்தியாவின் பெயர்தான்.

2015 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. அங்கே சனிக்கிழமை காலை முதல் திங்கள் காலை வரை பொது இடங்களில் குடிக்கக்கூடாது. விளக்குகள் கூடின, கேமராக்கள் கூடின, பஸ் ஏறும் இடம் ஒழுங்கானது. தங்குவிடுதிப் பகுதிகளில் பொழுதுபோக்கு மையங்கள் வந்தன. இவற்றில் பலவற்றை நல்லவை என்றே சொல்ல வேண்டும். பஸ் வரிசையில் நெரிசல் இல்லாவிட்டால் அந்த மனிதர் இன்று உயிரோடு இருந்திருக்கலாம். ஒழுங்கான பஸ் நிறுத்தம் அவருடைய உயிருக்கு விலையாகக் கிடைத்தது.

ஆனால் தெருவின் பெயரைத் துடைத்த கையோடு அந்த அழுக்கு மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. அந்தப் பகுதியின் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் வேலி போட்டார்கள், தொழிலாளர்கள் உட்காராமலிருக்க. 2016-ல் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூடும் பெருங்கூட்டத்தை நடமாடும் வெடிகுண்டுகளோடு ஒப்பிட்டுப் பேசினார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். கலவரத்தில் கல்லெறியாத பல்லாயிரம் பேருக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகலில் வாங்கிய மளிகையும் அனுப்பிய பணமும்தான் அந்தக் கடைத்தெருவை வாழவைத்தன.

நமது ஊரின் பெயர்

மலேசியாவில் இதே காரியம் வேறு வடிவில் நடந்தது. அதில் ரெங்கத்தின் பெயரும் சிக்கியது. ரெங்கத்துக்குப் பக்கத்தில், பழைய கூட்டரசுச் சாலைச் சந்திப்பில் இருக்கிறது சிம்பாங் ரெங்கம். அன்னாசியும் செம்பனையும் விளையும் பூமி. மலேசியாவின் பிற மாநிலங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் அன்னாசி நினைவுக்கு வராது. தடுப்பு முகாம்தான் வரும். கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ ஒருவர் ரெங்கம் என்று ஊர்ப்பெயர் சொன்னால், அங்கேதானே ஜெயில் இருக்கிறது என்று கேட்டுவிடுகிறார்கள்.

1969 மே 13 கலவரத்துக்குப் பின் பிறப்பித்த அவசரகாலச் சட்டம், நீதிமன்றத்தில் நிறுத்தாமல் ஒருவரை இரண்டு ஆண்டு அடைத்துவைக்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். நகர மையங்களில் குண்டர் கும்பல், கொள்ளை, வாகனத் திருட்டு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் இந்தச் சட்டத்தின்கீழ் சிம்பாங் ரெங்கத்துக்கு வந்தார்கள். தமிழ் இளைஞர்கள் அவர்களில் கணிசமானோர். குற்றம் செய்தவர்களும் இருந்திருப்பார்கள், செய்யாதவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டிய நீதிமன்றத்துக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

2011 செப்டம்பரில் பிரதமர் நஜிப் சீர்திருத்தங்களை அறிவித்தார். அந்த ஆண்டு இறுதியில் அவசரகாலப் பிரகடனங்களை நாடாளுமன்றம் ரத்து செய்தது. கைதிகள் விடுதலையானார்கள். 2013-ல் துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தபோது, விடுதலையானவர்களே காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. அந்த ஆகஸ்டில் ஓப்ஸ் சந்தாஸ் என்ற தேடுதல் வேட்டை தொடங்கியது. மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்கள், அவர்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றது கணக்கு. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டு அளவில்தான். 2014-ல் குற்றத் தடுப்புச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தபோது விசாரணையற்ற தடுப்புக்காவல் திரும்பிவந்தது.

இந்தக் கணக்கை நமது சமூகம் மூடிமறைக்கக்கூடாது. கும்பலின் எண் பொறித்த சட்டையோடு காவடி ஊர்வலத்திலும் சவ ஊர்வலத்திலும் ஆடியவர்களை நாம் பார்த்தோம். நகரத்தில் கடை வைத்த தமிழர்தான் மாதாமாதம் பாதுகாப்புப் பணம் கேட்டு மிரட்டப்பட்டார். பார்ச் சண்டையில் வெட்டுப்பட்டவனும் வெட்டியவனும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களாக இருந்திருக்கிறார்கள். லயத்தை விட்டு வெளியேறியபோது தோட்டத்தில் இருந்த கோயிலும் பள்ளியும் பந்துத் திடலும் தலைவரும் கூட வரவில்லை. நகரத்தின் புறம்போக்கிலும் மலிவு அடுக்குமாடியிலும் வளர்ந்த பையனுக்கு, அண்ணே என்று கூப்பிட ஆளும் கையில் செலவுக்குப் பணமும் கொடுத்தது கும்பல்தான். அதைச் சொல்வது குற்றத்தை மன்னிப்பதற்காக அல்ல. எங்கே தொடங்கியதோ அங்கேதான் நிறுத்த முடியும் என்பதற்காக.

நீதிமன்றம் இல்லாத தடுப்புக்காவல் தெருவையும் ஏமாற்றுகிறது. வெளிப்படையான வழக்கு நடந்தால் கடைக்காரருக்கு ஒரு செய்தி கிடைக்கும்: என்னை மிரட்டியவன் இவன், தண்டனை இது. யாரோ எங்கோ கொண்டுபோகப்பட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. உண்மையான குற்றவாளி இன்னும் வெளியில் இருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிவந்த பையனோ, குற்றவாளி என்று தீர்ப்பும் இல்லாமல் நிரபராதி என்று விடுதலையும் இல்லாமல் வேலை தேடுவான். சிம்பாங் ரெங்கம் என்ற பெயர் அவன் நெற்றியில் இருக்கும்.

நகர மையத்துக்கு அடுத்த சோதனை இப்போது கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில், 2026 இறுதியை இலக்காக வைத்து. நான்கு கிலோமீட்டர் தூரம், ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர். 2025 ஜனவரியில் இரு நாடுகளும் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே மாதம் ஜொகூரின் வார விடுமுறையும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இனி ஒரே சனிக்கிழமை இரவு. நகர மையத்தின் உணவகங்களிலும் விடுதிகளிலும் கேளிக்கை மையங்களிலும் இந்தக் கூட்டத்துக்குச் சேவை செய்ய ஆள் வேண்டும். அந்த ஆட்களில் நம் பிள்ளைகள் இருப்பார்கள்.

வருகிறவர்களுக்குப் புக்கிட் சாகாரில் வெளிச்சமும் கேமராவும் காவலும் இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் கையில் சிங்கப்பூர் டாலர் இருக்கிறது. பரிமாறிய தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு நள்ளிரவில் கிளம்பும் பெண்ணுக்கு என்ன ஏற்பாடு? ஜாலான் வோங் ஆ ஃபூக்கின் பின்சந்துகளில் விளக்கு எரிய வேண்டும், பழுதானால் அந்த வாரமே மாற்ற வேண்டும். லார்க்கின் பேருந்து முனையத்துக்கும் புறநகர் அடுக்குமாடிகளுக்கும் கடை மூடும் நேரத்துக்குப் பிறகும் பஸ் ஓட வேண்டும். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவனை ஒவ்வொரு சாலைத் தடுப்பிலும் நிறமும் பெயரும் பார்த்து இறக்கிவிடாத போலீஸ் வேண்டும். மிரட்டப்பட்ட கடைக்காரர் புகார் கொடுத்தால் அது நீதிமன்றம் வரை போக வேண்டும்.

ஜொகூர் பாரு மாநகராட்சி மன்றம் நகர மையத்தின் இரவுப் பாதுகாப்பைப் பற்றிக் கடைக்காரர் சங்கங்களோடும் விடுதி உரிமையாளர்களோடும் மட்டும் பேசினால் போதாது. அந்த மேசையில் சமையலறைத் தொழிலாளிக்கும் காவலாளிக்கும் இரவு ஷிஃப்ட் பெண்ணுக்கும் நாற்காலி போட வேண்டும். எந்தத் தெருமுனையில் விளக்கு எரியவில்லை, எந்த நிறுத்தத்தில் கடைசி பஸ் வராமல் போகிறது, எந்தச் சந்தில் யார் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் மணிக்கணக்காகத் தெரியும். ரயில் ஓடத் தொடங்கும் முன்பே அவர்களைக் கேட்டுவிடலாம்.